காற்றாடிக் கட்டங்களும் என் இடது கையும்

இஸ்திரிப் பெட்டி போடுவதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டது என் காதில் விழுந்தது. யார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். எனக்குக் கோபமில்லை. உங்கள் வயதில் நான் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்டதில்லை. வில்லியனூர் வட்டாரத்தில் தன்னைவிட நன்றாகப் பெட்டி போடுகிறவன் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தவன், யாரிடம் போய் எதைக் கேட்பான்?

நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறேன். பெட்டி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி தொழிலாளர் சங்கத்தில் கேட்டார்கள். சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பதையெல்லாம் உங்கள் மேற்பார்வையாளர் சொல்லித் தருவார். மின்சாரப் பெட்டி வந்துவிட்டதால் வெள்ளைத் துணியில் சாம்பல் விழுந்துவிடுமோ என்ற பயமும் உங்களுக்கு இல்லை. எனவே நான் ஒரே ஒரு தவறைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தவறு என்னுடையது. வேலையை இழந்தவர் வேறொருவர்.

எங்கள் குடும்பத்துக்கு வெளுப்புத் தொழில். செஞ்சியாற்றங்கரையில் எங்கள் துவைக்கிற கல் இருந்தது. அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. கொம்யூன் என்கிற ஊராட்சி ஆபீஸ் குமாஸ்தாக்களின் வெள்ளைக் கால்சட்டைகள் எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். பதினாறு வயதில் கரிப்பெட்டி என் கைக்கு வந்தது. எங்கள் முறை என்னவென்றால், வலது கையில் பெட்டி வழுக்கிக்கொண்டு போகும்போது இடது கை துணியின் நுனியைப் பிடித்து லேசாக இழுத்துக் கொடுக்கவேண்டும். சுருக்கம் இருந்த இடம் தெரியாது. மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். ஒரு குமாஸ்தா தன் கால்சட்டை மடிப்பில் வெற்றிலைக் காம்பு கிள்ளலாம் என்று சொன்னார். அதை நான் ஆறு மாதம் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெயரை வைத்துத்தான் மதாம் என்னைக் கூப்பிட்டார். மதாம் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள். அவருடைய முழுப்பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஊர் ஓரத்தில் ஒரு தோட்ட வீட்டில் தையல்கூடம் நடத்தினார். பன்னிரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். மில்லில் இருந்து வரும் துண்டுத் துணிகளை அளவாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துத் தைத்து, உள்ளே மெல்லிசாகப் பஞ்சு வைத்துக் கட்டில் போர்வை செய்வார்கள். அவை கப்பலில் போகும். ஒட்டுப் போர்வை என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். எங்கள் ஊர் வெயிலில் அதைப் போர்த்திக்கொள்ள நினைப்பதே பாவம், ஆனால் பார்க்க அழகாக இருக்கும். துண்டுகளை ஒரு கட்டமாகத் தைத்ததும் தையலைப் பெட்டி போட்டுப் படிய வைத்தால்தான் அடுத்த கட்டத்தோடு கோணாமல் இணைக்க முடியும். அந்த வேலைக்கு நான். ஆற்றங்கரைக் கல்லில் இருந்து கூரைக்கு அடியில் ஒரு முக்காலிக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு இருந்த பெருமையைவிட என் அப்பாவுக்கு இருந்த பெருமை அதிகம்.

என் மேசைக்கு அடுத்தது வெட்டு மேசை. அங்கே தனக்கோடி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். உறுவையாற்றில் இருந்து நடந்து வருவார். புருஷன் இறந்துபோனவர். மாமியாரும் இரண்டு பெண் பிள்ளைகளும் அவரை நம்பி இருந்தார்கள். பன்னிரண்டு பேரில் மற்றவர்கள் தைப்பார்கள், கத்திரி மட்டும் அவர் கையில்தான். தகர அச்சை வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு அவர் வெட்டினால், நூறு துண்டை அடுக்கினாலும் ஓரத்தில் விரல் தடுக்காது. மதாமே சில நேரம் வந்து அந்த அடுக்கின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

மூன்று வருடம் ஒரு சிக்கலும் இல்லை. நாங்கள் செய்ததெல்லாம் சதுரத் துண்டுகளால் ஆன போர்வை. இழை போகிற போக்கிலேயே வெட்டிய துண்டு. அதை என் இடது கை எவ்வளவு இழுத்தாலும் நீண்டு கொடுக்காது. என் வேலையை எல்லாரும் மெச்சினார்கள். அந்த மெச்சல்தான் என் கண்ணை மறைத்தது என்று இப்போது தெரிகிறது.

ஒரு புரட்டாசியில் புது மாதிரி ஒன்று வந்தது. நீலமும் வெள்ளையுமாக முக்கோணத் துண்டுகள். ஒரு நீலத்தையும் ஒரு வெள்ளையையும் நீளப்பக்கத்தில் இணைத்தால் ஒரு சிறு சதுரம். அப்படி நாலு சதுரம் சேர்ந்தால் நடுவில் காற்றாடி சுற்றுவது போல இருக்கும். எண்பது காற்றாடிக் கட்டங்கள் சேர்ந்து ஒரு போர்வை. கப்பல் புறப்பட மூன்று வாரம் இருந்தது. மதாமுக்கு அதைக் கேட்டிருந்த வெளிநாட்டு வியாபாரியிடம் பேர் வாங்கவேண்டும் என்று ஆசை. இது நன்றாக வந்தால் மேலும் பத்துப் போர்வைக்கு வேலை வரும் என்றார்.

முக்கோணத்தின் நீளப்பக்கம் இழையின் போக்கில் இருக்காது, மூலைவாட்டில் இருக்கும். மூலைவாட்டில் வெட்டிய துணியை நீங்கள் இரண்டு கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள், ரப்பர் போல நீண்டு கொடுக்கும். இதைப் படிக்கிறவர்கள் இப்போதே என் தவறைக் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு அது இரண்டு வாரம் தெரியவில்லை.

முதல் முப்பது கட்டம் முடிந்ததும் லூர்தம்மா அவற்றைத் தரையில் விரித்த பாயின்மேல் வரிசையாக அடுக்கினார். லூர்தம்மாதான் தையல்கூடத்தின் மேற்பார்வை. கண்டிப்பானவர், அநியாயக்காரர் இல்லை. வரிசைகள் ஒட்டவில்லை. ஒரு வரிசை மற்றதைவிட மூன்று விரல் நீண்டு போயிற்று. தைத்து இணைத்த இடங்களில் நடுவில் தொப்பை போட்டு ஊதிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு கட்டத்தையும் மரச்சட்டத்தில் வைத்து அளந்தார். சிலது சரியாக இருந்தது. சிலது மூலைகளில் ஒரு நெல் அளவு வெளியே நின்றது. ஒரு நெல் என்றால் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். எட்டுக் கட்டம் சேர்ந்தால் எட்டு நெல்.

"இன்னாடி தனக்கோடி இது? ஒண்ணு பெருசா கீது, ஒண்ணு சிறுசா கீது" என்றார் லூர்தம்மா.

"அச்ச வெச்சுத்தாம்மா வெட்டனன். வேணும்னா அச்ச அளந்து பாருங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றபடியே லூர்தம்மா அச்சை அளந்தார். அச்சு சரியாக இருந்தது. எல்லார் முன்னாலும் ஒரு முக்கோணம் வெட்டச் சொன்னார். அதுவும் மயிரிழை பிசகாமல் இருந்தது. மேசையில் மிச்சமிருந்த அடுக்கை அளந்தார். அதிலும் குற்றமில்லை.

இங்கேதான் தனக்கோடியின் கெட்ட நேரம். முந்திய வாரம் அவருக்குக் கண்வலி வந்து போயிருந்தது. கண் சிவந்து நீர் வடிய வடிய வேலைக்கு வந்தார். ஒரு நாள்கூட நிற்கவில்லை. லூர்தம்மாவுக்குக் கணக்கு சரியாக விழுந்துவிட்டது. கண்வலி இருந்த வாரம் வெட்டியவை பிசகியவை. இப்போது வெட்டுபவை சரி. யார் யோசித்தாலும் அப்படித்தான் தோன்றும். அவர் என் பக்கம் திரும்பினார்.

"முருகேசா, நீ பக்கத்துலதான உக்காந்திருக்க. இவ கண்ணு தெரியாம வெட்டனாளா? பாத்தியா?"

நான் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்.

"கண்ணக் கசக்கிக்கினே இருந்தாங்கம்மா. கோடு போடும்போதுகூட ரெண்டு தடவ தொடச்சிக்கினாங்க."

தனக்கோடி என்னைத் திரும்பிப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. அவரும் யோசிக்கிறார் என்று தெரிந்தது, ஒருவேளை உண்மையாக இருக்குமோ, என் கண்தான் பிசகியதோ என்று. தன் கையின்மேல் ஒருவருக்கு இருந்த நம்பிக்கை ஆடுவதை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் ஒரு வாக்கியம்தான் அதை ஆட்டியது.

இது நடந்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலையில் இன்னும் பத்துக் கட்டம் அளந்ததில் ஆறு பிசகியிருந்தன. லூர்தம்மா மதாமிடம் பேசிவிட்டு வந்தார்.

"கண்ணு செரியாவற வரைக்கும் வூட்டுல இரு தனக்கோடி. கத்திரிய இவகிட்ட குடு."

"எங்கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் தனக்கோடி. அவ்வளவுதான் பேசினார். கத்திரியின் கூர்நுனியைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்து, காதுப் பக்கத்தை அடுத்த பெண்ணிடம் நீட்டினார். போய்விட்டார். வீட்டில் இரு என்றால் திரும்பிக் கூப்பிடமாட்டார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் லூர்தம்மா ஊதிப்போன கட்டங்களை என் மேசையில் வைத்தார். "அழுத்திப் போடு, படியுதான்னு பாப்பம்." நான் ஒன்றை எடுத்தேன். பெட்டி போடுமுன் எதற்கோ மரச்சட்டத்தில் வைத்துப் பார்த்தேன். மூலை ஒரு நெல் வெளியே நின்றது. தண்ணீர் தெளித்து, பெட்டியை நன்றாக அழுத்தி ஓட்டி, இடது கையால் இழுத்துக் கொடுத்துப் போட்டேன். அருமையாகப் படிந்தது. மறுபடி சட்டத்தில் வைத்தேன். ஒன்றரை நெல் வெளியே நின்றது.

சட்டம் கோணலோ என்று நினைத்தேன். பாருங்கள், எனக்கும் கூடம்தான் கோணலாகத் தெரிந்தது. தையல் முடித்து இன்னும் பெட்டி படாத ஒரு கட்டத்தை எடுத்துச் சட்டத்தில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பெட்டி போட்டேன். வைத்தேன். வெளியே நின்றது.

என் இடது கையைப் பார்த்தேன். அது இன்னும் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

அப்போது மணி பன்னிரண்டு இருக்கும். தனக்கோடி உறுவையாற்றுக்குப் பாதி வழிதான் போயிருப்பார். நான் எழுந்து லூர்தம்மாவிடம் நாலு அடி நடந்திருந்தால் போதும். எழுந்திருக்கவில்லை. முக்காலி போய்விடும், திரும்ப ஆற்றுக்குப் போகவேண்டும், அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் ஒரு பக்கம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெட்கம். பெட்டி போடத் தெரியாதவன் என்று என்னை ஒருவர் சொல்வதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். நான் வெளுக்கிறவன் மகன். இழுபட்ட துணியை நனைத்துக் காயப்போட்டால் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கட்டங்களையும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், திங்கட்கிழமை அளந்தால் சரியாக இருக்கும், தனக்கோடியைத் தானாகவே கூப்பிட்டுவிடுவார்கள், யாருக்கும் கெட்ட பெயர் வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் போட்ட திட்டம் இது.

முதலில் இரண்டே இரண்டு கட்டத்தை மடியில் கட்டிக்கொண்டு ஞாயிறு காலை ஆற்றுக்குப் போனேன். எல்லாவற்றையும் எடுத்துப் போகாமல் இரண்டை மட்டும் எடுத்தேனே, அந்த வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். நனைத்தேன். மணலில் விரித்துக் காயவைத்தேன். நான் நினைத்தது போலவே அளவு திரும்பியது. ஆனால் நீலம் வெள்ளைக்குள் ஓடிவிட்டது. காற்றாடியின் வெள்ளை இறக்கைகள் எல்லாம் மைக்கூடு கவிழ்ந்தது போல ஆகிவிட்டன.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்து மாதா கோயிலில் இருந்து வந்த பெண்கள் சிலர் கரையோரமாகப் போனார்கள். அதில் எங்கள் தையல்கூடத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

"தனக்கோடிக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சாம்டி. பாவம், ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கினு இன்னா செய்யப்போவுதோ."

வியாழக்கிழமை கண்வலி. சனிக்கிழமை கண் மங்கல். ஞாயிற்றுக்கிழமை குருடு. துணி ஒரு நெல் வளர்ந்தது எனக்குத் தெரிய இரண்டு வாரம் ஆயிற்று, பேச்சு வளர மூன்று நாள் போதுமாக இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் சாயம் ஓடிய துணியோடு மணலில் உட்கார்ந்திருந்தது.

உங்களிடம் நல்லவன் வேஷம் போட எனக்கு விருப்பமில்லை. நீலம் ஓடாமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை லூர்தம்மாவிடமும் மதாமிடமும் சொன்னேன். வாயால் சொன்னது போதாது என்று ஒரு புதுக் கட்டத்தை அவர்கள் கண்முன்னால் அளந்து, பெட்டி போட்டு, மறுபடி அளந்து காட்டினேன். லூர்தம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான அவள அனுப்பனன்" என்று தனக்குத்தானே சொன்னார். கெட்டுப்போன இரண்டு கட்டங்களையும் மேசையில் வைத்தேன். மதாம் அவற்றைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டவில்லை.

"நீ போ. அவளைக் கூட்டி வா. பிறகு உன்னைப் பார்க்கிறேன்" என்றார்.

திரும்பி வந்தால் எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாமல்தான் கிளம்பினேன். கையில் இரண்டு கட்டம் கொண்டுபோனேன், பெட்டி போட்டது ஒன்று, போடாதது ஒன்று. உறுவையாற்றில் தனக்கோடியின் மாமியார், "அவ காலைலயே கரிக்கலாம்பாக்கம் பக்கம் நடவுக்குப் போய்ட்டா" என்றார். திண்டாடித் தேடிப் போனேன். வழியில் இங்கிலீஷ்காரர் ஆட்சியில் இருந்த நிலம் ஒரு துண்டு குறுக்கே வரும். அங்கே சுங்கக்காரர் ஒருவர் என் கையில் இருந்த துணியைப் புரட்டிப் பார்த்து, இதைக் கடத்தி என்ன செய்யப்போகிறாய் என்று சிரித்து அனுப்பினார்.

பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். தனக்கோடி வரிசையின் கடைசியில் இருந்தார். நான் வரப்பில் நின்று கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். நடந்ததை எல்லாம் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். வெட்டியது சரி, இழுத்தது நான், மதாம் கூப்பிடுகிறார் என்று. நட்டுக்கொண்டே கேட்டார். கையில் இருந்த நாற்று முடி தீர்ந்ததும் நிமிர்ந்தார்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

இன்று காலையில் என்று சொல்லியிருக்கலாம். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மதாமும் லூர்தம்மாவும்கூட அதைக் கேட்கவில்லை. வேலை வாழ்க்கையில் நெருக்கடி என்றால் கப்பல் புறப்படுகிற நாளும் கருகிப்போன துணியும் என்று நினைப்போம். என் முப்பத்தைந்து வருடத்தில் அந்த வரப்பில் நின்ற அரை நிமிஷத்தைவிடப் பெரிய நெருக்கடி எனக்கு வந்ததில்லை.

"சனிக்கெழம மத்தியானம்" என்றேன்.

"நான் போன பொறவா?"

"போன ஒரு நாழியில."

அவர் கையில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துப் போட்டார். நான் பேசிக்கொண்டே போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் நனைத்துப் பார்த்ததையும், அளவு திரும்பியதையும், அதற்குள் நீலம் ஓடிவிட்டதையும் சொன்னேன்.

"துணி சரி" என்றார். "தண்ணில போட்டா பழைய அளவுக்கு வந்துரும். எம்பேர எந்தத் தண்ணில போடறது?"

கையில் இருந்த இரண்டு கட்டங்களையும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"காலைல நாத்து முடிய எங்கையில குடுக்கும்போது, ஒனக்குக் கண்ணு தெரியுமான்னு கேட்டா ஒருத்தி. எங்கிட்ட சொன்னதயே இவங்க காதுல வுழறாப்போல சொல்லு."

சொன்னேன். பெண்கள் நடவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். இரண்டு கட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பெரிதாக நிற்கும் ஓரத்தைக் காட்டினேன். "தனக்கோடியக்கா வெட்டனது சரி. அவங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. நான் இழுத்துட்டன்" என்று சத்தமாகச் சொன்னேன். வயதான ஒரு அம்மாள், "இத்த சொல்ல மூணு நாளா ஒனக்கு?" என்றார். இன்னொருத்தி, "கால்சட்டைக்குப் போடறாப்போல போட்டுட்டான்" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். தனக்கோடி சிரிக்கவில்லை.

"இந்த வரிசைய முடிச்சிட்டு வரன். பாதியில வுட முடியாது" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார். நான் வரப்பில் காத்திருந்தேன். முடித்துவிட்டு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். வில்லியனூர் வரை நான் அவர் பின்னாலேயே போனேன்.

அந்தப் போர்வை வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவரும் அவர்தான். கெட்டுப்போன இரண்டுக்கும் புதிதாக வெட்டிக்கொடுத்தார். இழுபட்ட கட்டங்களை மரப்பலகையில் சரியான அளவுக்கு ஊசி குத்தி இருத்தி, மேலே பிழிந்து உலர்ந்தும் உலராத வெள்ளைத் துணியைப் போட்டு, பெட்டியை வைத்து எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். முதலில் ஒன்றே ஒன்றில் செய்து பார்த்தோம். நீலம் ஓடவில்லை, மிச்சமாக நின்ற துணி சுருங்கி உள்ளே போயிற்று. ஆறும் வரை பலகையை விட்டு எடுக்கக்கூடாது என்பதை இரண்டைக் கெடுத்துத் தெரிந்துகொண்டோம். மதாம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் என் இடது கை இழுக்காமல் இருக்கப் பழகவில்லை. தனக்கோடி அதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கைய மடியில சொருவிக்க" என்றார். முதல் வாரம் வேட்டி மடிப்பில் கையைச் செருகிக்கொண்டுதான் பெட்டி போட்டேன். பெண்கள் நொண்டிக் கை முருகேசன் என்று கேலி செய்தார்கள். எனக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

போர்வை கப்பலுக்குப் போயிற்று. பாயில் விரித்தபோது தண்ணீர் நின்றது போலச் சமமாகக் கிடந்தது. அன்று சாயங்காலம் தனக்கோடியிடம், இனி எல்லாம் சரியாகிவிட்டது இல்லையாக்கா என்று கேட்டேன்.

"நீ சொன்னது நடவுல நின்ன பத்துப் பேருக்குக் கேட்டுது. அந்தப் பேச்சு எத்தினி ஊருக்குப் போச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார். "இங்க புதுசா யார் வந்தாலும் நீயே சொல்லிடு. நான் சொன்னா எனக்காகச் சொல்லிக்கறாப்போல இருக்கும்."

சரி என்றேன். அதற்குப்பின் வந்த ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொன்னேன். சிலருக்கு அலுப்பாக இருந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து பாகூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள்: "கண்ணு தெரியாத ஒரு அம்மா இங்க துணி வெட்டிக்கினு இருந்தாங்களாமே, அவுங்க இன்னும் இருக்காங்களா?" தனக்கோடி அடுத்த மேசையில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் தடவையிலேயே நூல் காதுக்குள் போயிற்று.

அவர் இப்போது இல்லை. தகர அச்சும் மரச்சட்டமும் உங்களுக்கு வேண்டாம். பெட்டியை வையுங்கள், எடுங்கள், ஓட்டாதீர்கள் என்பதை யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்துவிடுவார்கள். உங்கள் மேசையில் ஒன்று பிசகினால் அந்தப் பழி அந்த நேரத்தில் யார் தலையில் இருக்கிறது என்று பாருங்கள். துணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் சனிக்கிழமை மத்தியானம் எழுந்து நாலு அடி நடக்கவில்லை. அந்த நாலு அடியை இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கும் சொல்கிறேன். உறுவையாற்றுத் தனக்கோடிக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. அவர் வெட்டியது எல்லாம் சரியாக இருந்தது. இழுத்தது நான்.